கடற்கரை மணலில் பிளாஸ்டிக் குருணை: எப்படி எண்ணுவது, எங்கே சறுக்கும்?

#1 குமரி_சூழல்மன்றம்

வணக்கம். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கிய பிறகு குமரி மாவட்டக் கரைகளில் வெள்ளைக் குருணை (பிளாஸ்டிக் பொருள் செய்ய ஆலைகள் வாங்கும் மூலப்பொருள் மணி) ஒதுங்கியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். எங்கள் கல்லூரி மன்றத்தில் 12 பேர். மூன்று கரைகளில் மாதம் ஒருமுறை, ஓராண்டு மணல் எடுத்து மைக்ரோபிளாஸ்டிக்கை (5 மி.மீ.க்குக் குறைந்த பிளாஸ்டிக் துகளை) எண்ணத் திட்டம். கையில் 15,000 ரூபாய். வேதியியல் துறையில் ஓவன், தராசு, 40 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கி உண்டு. எஃப்டிஐஆர் (எந்த வகைப் பிளாஸ்டிக் என்று காட்டும் நிறமாலைக் கருவி) கிடையாது.

எவ்வளவு மணல் எடுக்க வேண்டும்? எந்தச் சல்லடை? உப்புக் கரைசல் போதுமா? ஆய்வுக் கட்டுரைகளில் சிலர் 20 மைக்ரான் வரை இறங்கியிருக்கிறார்களே, நாங்களும் இறங்கலாமா?

#2 சல்லடை63

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இறங்க வேண்டாம்.

நிறமாலைக் கருவி இல்லாமல் வெறும் கண்ணாலும் நுண்ணோக்கியாலும் 1 மி.மீ.க்குக் கீழே பிளாஸ்டிக்கைப் பிரித்தறிவது ஊகம்தான். கண்ணால் பொறுக்குவதில் வரும் பிழை 20 முதல் 70 விழுக்காடு வரை என்று வெளியான மதிப்பீடுகளே சொல்கின்றன. துகள் சிறுக்கச் சிறுக்கப் பிழை ஏறும். கண்ணாடி போன்ற குவார்ட்ஸ் மணி, சிப்பிச் சில்லு, காய்ந்த பாசி நார் எல்லாமே அந்த அளவில் பிளாஸ்டிக் மாதிரிதான் தெரியும்.

ஆகவே 1 மி.மீ. முதல் 5 மி.மீ. வரை மட்டும் எண்ணுங்கள். குருணை பெரும்பாலும் 3 முதல் 5 மி.மீ. என்பதால் உங்கள் கேள்விக்கு இது தாராளம். அறிக்கையின் முதல் வரியிலேயே கீழ் எல்லையை எழுதிவிடுங்கள். ஒருவர் 300 மைக்ரானிலும் இன்னொருவர் 1 மி.மீ.யிலும் நிறுத்திவிட்டு இரண்டு எண்ணையும் ஒப்பிட்டு "அந்தக் கரை பத்து மடங்கு மோசம்" என்று எழுதுவதுதான் இந்தத் துறையின் தேசிய வியாதி.

சல்லடைக்குக் காசு செலவழிக்காதீர்கள். சிவில் துறையில் மணல் தரம் பார்க்கும் எஃகுச் சல்லடை அடுக்கு இருக்கும்: 4.75, 2.36, 1.18 மி.மீ., பிறகு 600, 300, 150 மைக்ரான். அதில் 4.75, 1.18 இரண்டையும் கேட்டு வாங்குங்கள். 5, 1 என்று ரவுண்டாக எழுதாமல் 1.18–4.75 என்றே எழுதுங்கள். குருணையில் சில 4.75-க்கு மேல் தங்கும். அதைத் தனி வரியில் "குருணை, 4.75-க்கு மேல்" என்று பதியுங்கள்.

#3 நீவாடு

இடம் தேர்வதைப் பற்றி.

கரைக்கு இணையாக 100 மீட்டர் நாடா போடுங்கள். கடைசி ஏற்றம் விட்டுப்போன குப்பைக் கோட்டின் மேலேயே போடவும். பாசி, சிப்பி, குச்சி வரிசையாகக் கிடக்குமே, அதுதான். 0 முதல் 99 வரை தற்செயல் எண் ஐந்து எடுத்து, அந்த மீட்டர் குறிகளில் 50 செ.மீ. × 50 செ.மீ. சட்டம் வையுங்கள். எண்களை வீட்டிலேயே எடுத்து எழுதி வர வேண்டும். கரையில் நின்று "இங்கே வைக்கலாமா" என்று பார்த்தால் கண் தானாகவே வெள்ளை கிடக்கும் இடத்துக்குப் போகும்.

சட்டம் மரம் அல்லது அலுமினியப் பட்டை. பிவிசி குழாயும் நைலான் கயிறும் வேண்டாம்.

ஆழம் 5 செ.மீ. ஒரு சட்டத்துக்கு 12.5 லிட்டர், ஏறத்தாழ 20 கிலோ மணல். ஐந்துக்கு 100 கிலோ. அதைத் தூக்கி வர முடியாது, தேவையும் இல்லை. மேல்மணல் காய்ந்திருந்தால் அங்கேயே 4.75-ஐ மேலே, 1.18-ஐக் கீழே வைத்து அரித்துவிட்டு, 1.18-இல் தங்கியதையும் 4.75-இல் தங்கிய குருணையையும் மட்டும் தனித்தனிக் கண்ணாடிப் புட்டியில் கொண்டு வாருங்கள். ஈரமணல் சல்லடையை அடைத்துக்கொள்ளும். எஃகு வாளியில் கடல்நீர் எடுத்து, அதை 300 மைக்ரான் சல்லடை வழியாக ஊற்றி வடித்த பிறகே அலசப் பயன்படுத்தவும்.

நேரம் முக்கியம். நிலா பார்த்துப் போங்கள். அமாவாசை, பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் கழித்து, வற்று நேரத்தில். ஒவ்வொரு மாதமும் அதே நிலைக்குப் போனால்தான் மாத ஒப்பீடு நிற்கும்.

#4 கறுப்புமணல்

குமரிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, மற்ற ஊர்க்காரர்கள் சொல்ல மாட்டார்கள்.

மணவாளக்குறிச்சிப் பக்கம் இல்மனைட், கார்னெட் நிறைந்த கனமணல். சாதாரண வெள்ளை மணல் லிட்டருக்குச் சுமார் 1.6 கிலோ. கறுப்புப் பட்டை நன்றாகப் படிந்த இடத்தில் 2.5 கிலோ வரை போகும். இரண்டு கரையிலும் லிட்டருக்கு 40 துண்டு என்று வையுங்கள். கிலோக் கணக்கில் எழுதினால் ஒன்று 25, இன்னொன்று 16. பிளாஸ்டிக் அதேதான், மணல்தான் கனம். பேப்பரில் "மணவாளக்குறிச்சியில் மாசு குறைவு" என்று வந்துவிடும்!

உங்கள் வேலைக்குச் சதுர மீட்டர் கணக்கே சரி. ஆய்வகத்துக்கு எடுத்துப்போகும் மாதிரிக்கு எடை, கன அளவு இரண்டையும் எழுதி வையுங்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. கனமணல் உப்புக் கரைசலில் நிமிடத்தில் அடியில் உட்கார்ந்துவிடும், மேலே கலங்கல் இருக்காது.

#5 குமரி_சூழல்மன்றம்

நன்றி. சிவில் துறையில் சல்லடை இருக்கிறது, கேட்டுவிட்டோம். உப்புக் கரைசலுக்கு எந்த உப்பு? தூத்துக்குடிக் கல்லுப்பு மூட்டை இங்கே மலிவு.

#6 உப்பளத்தான்

மலிவுதான், ஆனால் நேராகக் கரைத்து ஊற்றினால் உங்கள் மாதிரிக்குள் நீங்களே பிளாஸ்டிக் சேர்க்கிறீர்கள். தூத்துக்குடி உப்பிலேயே மைக்ரோபிளாஸ்டிக் இருப்பதாக ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. கடல்நீரைப் பாத்தியில் கட்டிக் காயவைத்தால் நீர் போகும், துகள் எங்கே போகும்?

தூள் உப்பும் வேண்டாம். கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் கரைசலைக் கலக்கிவிடும்.

செய்முறை இது. 1 லிட்டர் நீருக்குக் கல்லுப்பு 360 கிராம். எஃகுப் பாத்திரத்தில் கலக்கி, மண் அடியில் தங்க ஓரிரவு விடுங்கள். தெளிவை மட்டும் எடுத்து வடிதாள் வழியாக வடிகட்டி, கண்ணாடி ஜாரில் மூடி வையுங்கள். மொத்தம் 10 லிட்டர் போதும். பயன்படுத்திய கரைசலை மறுபடி வடித்து மூன்று நான்கு முறை ஓட்டலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் அடர்த்தி பார்க்க வேண்டும். மணலில் ஒட்டிய நீர் கரைசலை இளக்கிவிடும்.

அடர்த்தி பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். பேட்டரிக் கடையில் அமிலம் பார்க்கும் ஹைட்ரோமீட்டர் இருக்குமே, அது 1.100 முதல் 1.300 வரை காட்டும். 1.19–1.20 காட்டினால் சரி. இல்லையேல் 100 மி.லி. அளவுக் குடுவையில் நிரப்பி எடை போடுங்கள், 119–120 கிராம் வரவேண்டும். 115-க்கு இறங்கிவிட்டால் உப்பு சேர்க்கவும்.

#7 சல்லடை63

உப்புக் கரைசலில் எது மிதக்கும், எது மிதக்காது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். பலர் இதைச் சொல்லாமல் "மொத்த மைக்ரோபிளாஸ்டிக்" என்று எழுதுகிறார்கள்.

நீரின் அடர்த்தி 1 என்று கொண்டால், பாலிபுரொப்பிலீன் 0.90, பாலிஎத்திலீன் 0.91 முதல் 0.97. இவை சாதா நீரிலேயே மிதக்கும், குருணையில் பெரும்பகுதி இவைதான். பாலிஸ்டைரீன் 1.05, நைலான் 1.14. இவை நன்னீரில் மூழ்கி உப்புக் கரைசலில் மிதக்கும். பெட் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்) 1.38, பிவிசி 1.3-க்கு மேல். இரண்டும் 1.20-இல் அடியிலேயே கிடக்கும். பாலியஸ்டர் துணி நாரும் பெட்தான், ஆகவே துவைப்பில் வரும் நாரை இந்த முறை பிடிக்காது என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

நைலானில் ஒரு எச்சரிக்கை. தங்கூசி வலைத் துண்டு 1.14, கரைசல் 1.20. வித்தியாசம் கொஞ்சம்தான், மெதுவாகத்தான் எழும்பும். ஐந்து நிமிடத்தில் வடித்துவிட்டால் தங்கூசி முழுக்க அடியில் போய்விடும். உங்கள் கரையில் அதுதான் நிறைய இருக்கும், ஆகவே குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள்.

துத்தநாகக் குளோரைடு 1.5-க்கு மேல் போகும், பிவிசி வரை மிதக்கும். ஆனால் அரிக்கும், நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு, கழிவைச் சாக்கடையில் ஊற்ற முடியாது. கடலைக் காக்கும் மன்றம் அதைக் கடலுக்கு அனுப்ப வேண்டுமா? சோடியம் அயோடைடு நல்லது, ஆனால் உங்கள் 15,000 ஒரே வாரத்தில் கரைந்துவிடும். கால்சியம் குளோரைடு 1.4-ஐ எட்டும். கரைக்கும்போது நன்றாகச் சூடேறும், மாதிரியில் உள்ள அழுகல் பொருளைக் கட்டிகட்டியாகத் திரட்டி வடிதாளை அடைக்கும். முதல் ஆண்டுக்குச் சாதா உப்பே போதும்.

#8 கண்ணாடிக்குடுவை

மிதக்கவிடும் படி. 200 கிராம் மணல், 600 மி.லி. கரைசல், 1 லிட்டர் பீக்கர். மணலை முதலில் 60 டிகிரி செல்சியஸில், அலுமினியத் தாள் மூடி, எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தவும். அதற்கு மேல் சூடு ஏற்றினால் தெர்மகோல் சுருங்கும். மொட்டைமாடியில் காயவைத்தால் ஊர்த் தூசி முழுக்க விழும்.

எஃகுக் கரண்டியால் இரண்டு நிமிடம் கலக்கவும். ஒரு மணி நேரம் விடவும். பிறகு பீக்கரை எஃகுத் தட்டில் வைத்து, மேலிருந்து புதுக் கரைசலை மெதுவாக ஊற்றி வழியவிட்டு, வழிவதை 300 மைக்ரான் சல்லடையில் பிடிக்கவும். சாய்த்து ஊற்றினால் மணலும் சேர்ந்து வரும். இதையே மூன்று முறை.

இப்போது நிறைய பேர் விடும் இடம். வழிந்து முடிந்தபின் பீக்கரின் உள்சுவரை வெளிச்சத்தில் பாருங்கள். நீர் நின்ற மட்டத்தில் வளையமாகத் துகள் ஒட்டியிருக்கும். பிளாஸ்டிக் நீரை விரும்பாது, கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்ளும். வடித்த நீரைப் பீச்சி மூன்று முறை கழுவி அதே சல்லடையில் சேர்க்கவும்.

முதல் மாதிரியைத் தொடும் முன் ஒரு சோதனை. சிவப்புப் பக்கெட் மூடியைக் கத்தரித்து 2 மி.மீ. துண்டு 50 செய்து, சுத்தமான மணலில் கலந்து, முழு முறையையும் ஓட்டுங்கள். 45-க்குக் குறைவாகத் திரும்பி வந்தால் கலக்குவதில் அல்லது கழுவுவதில் கோளாறு. செய்யும் ஒவ்வொருவரும் தனித்தனியே இதில் தேற வேண்டும்.

#9 அலைபாயும்

எல்லாம் சரி, ஆனா இவ்வளவு நுணுக்கம் எதுக்கு? நாம ஒவ்வொருத்தரும் வாரம் ஒரு கிரெடிட் கார்டு அளவு பிளாஸ்டிக் சாப்பிடுறோம்னு நிரூபிச்சாச்சு. 2050-ல் கடலில் மீனைவிட பிளாஸ்டிக் அதிகம். மக்களுக்குப் போய்ச் சேர வேண்டியது அதுதானே.

#10 குப்பைக்கணக்கு

நிரூபிக்கவில்லை, தம்பி.

வாரம் 5 கிராம் என்பது 2019-இல் வந்த ஒரு மதிப்பீட்டின் மேல் விளிம்பு. அதே கணக்கு கட்டுரையாக வந்தபோது 0.1 முதல் 5 கிராம் வரை என்று இருந்தது. பிளாஸ்டிக்கைத் துண்டாக எண்ணிய தரவை எடையாக மாற்றும்போது ஒவ்வொரு துண்டுக்கும் என்ன எடை வைக்கிறோம் என்பதில்தான் முழு வித்தை. 2021-இல் இன்னொரு குழு துகள் அளவின் பரவலைக் கணக்கில் எடுத்தபோது, பெரியவர்களுக்கு வாரம் ஏறத்தாழ 4 மைக்ரோகிராம் என்று வந்தது. இரண்டு எண்ணுக்கும் நடுவே பத்து லட்சம் மடங்கு வித்தியாசம்! ஒன்றைப் போஸ்டரில் போட்டால் மற்றதையும் போட வேண்டும்.

மீன்–பிளாஸ்டிக் கதை 2016-இல் எல்லென் மெக்ஆர்தர் அறக்கட்டளை அறிக்கையில் வந்த கணிப்பு. எடைக்கு எடை. அந்தக் கணிப்புக்கு அடிப்படையாக எடுத்த மீன் அளவும் பிளாஸ்டிக் அளவும் மிகத் தளர்வானவை.

நுணுக்கம் எதுக்கு என்று கேட்டதால் ஒரு எடுத்துக்காட்டு. வடகடலில் ஃபுல்மார் என்ற பறவை செத்து ஒதுங்கினால் வயிற்றைத் திறந்து பிளாஸ்டிக்கை எடை போடுகிறார்கள், பல பத்தாண்டுகளாக ஒரே முறை. அதனால்தான் 1980-களுக்குப் பிறகு வயிற்றில் ஆலைக் குருணையின் பங்கு வெகுவாகக் குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. வயிற்றில் 0.1 கிராமுக்கு மேல் பிளாஸ்டிக் உள்ள பறவை பத்தில் ஒன்றுக்கு மிகக்கூடாது என்ற இலக்கையும் நாடுகள் வைக்க முடிந்தது. முறை ஆண்டுக்கு ஆண்டு மாறியிருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

#11 மன்னார்க்கரை

இலங்கைப் பக்கத்திலிருந்து சில விசயம். எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் 2021 மே 20-இல் தீப்பிடிச்சு, ஜூனில் தாண்டது. ஏறக்குறைய 1,680 தொன் குருணை அதில் இருந்தது. உலகத்தில் இதுவரை நடந்த குருணைக் கசிவில் இதுதான் பெரிசு எண்டு சொல்லப்படுது. ஒரு குருணை 20–25 மி.கிராம் எண்டு பிடிச்சால் 6,700 கோடிக்கும் 8,400 கோடிக்கும் இடையில். 25 கிலோ பையொண்டு கிழிஞ்சாலே பத்து லட்சம் குருணை.

எல்சா 3-க்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் தீ. பேர்ள் குருணையில் வெள்ளையாய் வந்ததும் இருந்தது, எரிஞ்சு உருகிக் கட்டியாய் வந்ததும் இருந்தது. எரிஞ்சது சாம்பல் கறுப்பு, கல்லு மாதிரித் தெரியும், ஆனால் விரலால் நசிச்சால் பொடியும். அதைச் சல்லடையில் போட்டு ஆட்டினால் ஒண்டு இருபதாய் உடையும். எண்ணிக்கை கூடும், மாசு கூடியிராது. எரிஞ்ச துண்டைக் கையால் பொறுக்கித் தனிப் போத்தலில் போடுங்கோ. கையுறை கட்டாயம், எரிஞ்சதில் இரசாயனச் சேர்மங்கள் வெள்ளைக் குருணையைவிடப் பலவிதம்.

அதனால் எண்ணிக்கையோட நிறையும் எழுதுங்கோ. உடைஞ்சாலும் நிறை மாறாது.

#12 குமரி_சூழல்மன்றம்

எங்கள் கரையில் எடுக்கும் வெள்ளைக் குருணை எல்சா 3-இலிருந்து வந்ததுதான் என்று எப்படி உறுதி செய்வது?

#13 தானா

உங்கள் வசதியில் முடியாது. "கசிவுக்குப் பின் ஒதுங்கியவற்றோடு ஒத்திருக்கிறது" என்ற வரிக்கு மேல் போகாதீர்கள்.

பிளாஸ்டிக் ஆலைகளில் இதைத் தானா என்போம். வெள்ளைப் பாலிஎத்திலீன் தானா உலகம் முழுக்க ஒரே முகம்தான். கப்பல் விபத்துக்கு முன்னும் துறைமுகம், லாரி, ஆலைச் சாக்கடை வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. 1972-லேயே சர்காசோ கடலில் குருணை மிதந்ததை எழுதியிருக்கிறார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது நிறப் பிரிவு. வெள்ளை அல்லது நிறமற்றது, இளமஞ்சள், தேன் நிறம், பழுப்பு, வண்ணமூட்டியது என ஐந்து கிண்ணம். குருணையில் சேர்க்கும் ஆக்சிஜன் தடுப்பான் காலப்போக்கில் மாறி மஞ்சளாக்கும். ஆகவே தேன் நிறமும் பழுப்பும் நேற்றுக் கொட்டியதாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் மஞ்சள் என்பது காலண்டர் இல்லை. சேர்மானத்தைப் பொறுத்தும் வெயிலைப் பொறுத்தும் வேகம் மாறும். வெள்ளையின் பங்கு மாதாமாதம் எப்படி இறங்குகிறது என்பதே உங்களுக்குக் கிடைக்கப்போகும் நல்ல வரைபடம். நிழலில், ஒரே வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் படம் எடுத்து வைத்தால் பின்னால் சண்டை வராது.

மஞ்சள் குருணையைத் தூக்கி எறியாதீர்கள். கடலில் கிடந்த காலத்தில் அது பிசிபி, டிடிடி போன்ற நச்சு வேதிப்பொருள்களை உறிஞ்சியிருக்கும். சுற்றியுள்ள நீரைவிடப் பத்து லட்சம் மடங்கு வரை செறிவு ஏறும் என்று 2001-இல் டோக்கியோ குழு காட்டியது. அதே குழுவின் பேராசிரியர் ஹிதேஷிகே தகாதா தொடங்கிய சர்வதேசக் குருணைக் கண்காணிப்புக்கு 100–200 குருணையை அலுமினியத் தாளில் சுற்றித் தபாலில் அனுப்பலாம்.

#14 கண்ணாடிக்குடுவை

குருணையா இல்லையா என்று தெரியாமல் விழிக்கும்போது: இடுக்கியால் அழுத்துங்கள். பிளாஸ்டிக் நசுங்காது, பள்ளம் விழும் அல்லது வழுக்கி ஓடும். சிப்பி நொறுங்கும், விதை பிளக்கும். மீன் கண்ணின் லென்ஸ் காய்ந்தால் அச்சு அசலாகத் தேன் நிறக் குருணை. அது முழு உருண்டை, அழுத்தினால் வெங்காயம் மாதிரி அடுக்காக உரியும். கருவாடு காயப்போடும் கரையில் இது கட்டாயம் வரும். ஒரு மி.மீ. அளவில் ஒரே சீராக அம்பர் நிற உருண்டை வந்தால் அது நீர் மென்மையாக்கும் பிசின் மணியாக இருக்கலாம். பிளாஸ்டிக்தான், ஆனால் குருணை இல்லை. வேறு வரியில் எழுதவும்.

சூடான ஊசி கடைசி வழி. பழுக்கக் காய்ச்சிய ஊசி நுனி தொட்டால் பிளாஸ்டிக் உருகும் அல்லது சுருளும். மாதிரி கெட்டுவிடும், புகை வரும், ஜன்னல் திறந்து பத்தில் ஒன்றுக்கு மட்டும்.

வகை பிரிக்க நன்னீர்க் குவளை போதும். ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம் விட்டு, குருணையை அடிவரை அழுத்திவிட்டு விடுங்கள். சோப்பு இல்லாமல் போட்டால் மூழ்க வேண்டியதும் நீரின் மேல்தோலில் உட்கார்ந்து மிதப்பதாகக் காட்டும். எழும்பி வந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். ஆண்டு முடிவில் ஏதாவது பல்கலைக்கழகத்தில் எஃப்டிஐஆர் நேரம் கிடைத்தால் தற்செயலாக 50–100 துண்டு எடுத்துப் போய்ச் சரிபாருங்கள். பொறுக்கி எடுத்துப் போகாதீர்கள்.

#15 கடலோரக்கிளி

மீன் வயிறும் பார்க்கலாமா? சதையைக் கரைக்க 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, 40 டிகிரி, 48 மணி நேரம்னு படிச்சேன்.

#16 சல்லடை63

முறை சரிதான், இந்த மன்றத்துக்கு இப்போது வேண்டாம். மீன் குடலில் கிடைப்பது பெரும்பாலும் 1 மி.மீ.க்குக் குறைந்த நார். அதைக் காற்றில் பறக்கும் துணி நாரிலிருந்து பிரிக்கச் சுத்தக் காற்றுப் பெட்டி வேண்டும். அது இல்லாமல் செய்தால் ஆய்வகத்தின் மின்விசிறியைத்தான் அளப்பீர்கள்.

மணல் வேலைக்கும் இது பொருந்தும். எல்லாரும் பருத்திச் சட்டை. மன்றத்தின் சீருடை டி-ஷர்ட் பாலியஸ்டர் என்றால் அன்று மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். பளிச்சென்ற ஆரஞ்சுப் பருத்திக் கோட்டு போட்டால் இன்னும் நல்லது, உதிர்ந்த நார் அடையாளம் தெரியும். ஒவ்வொரு நாளும் ஈர வடிதாள் வைத்த மூன்று பெட்ரித் தட்டுகளை மேசையில் திறந்து வைத்து, கடைசியில் அதையும் எண்ணுங்கள். மாதிரியே இல்லாமல் வெறும் கரைசலை முழு முறையும் ஓட்டுவது இன்னொரு வெற்றுச் சோதனை. அதில் வருவதை அறிக்கையில் மறைக்காமல் போடுங்கள்.

#17 கரைமடி

எண்ணுவது இருக்கட்டும். பஞ்சாயத்து ஜேசிபி விட்டு அள்ளப்போகிறது. அது சரியா?

#18 நீவாடு

சரியில்லை. ஜேசிபி குருணையை அள்ளுவதைவிட உள்ளே புதைப்பதே அதிகம், கரை மணலும் போய்விடும். தமிழகக் கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடும் காலம், அப்போது இயந்திரத்தை இறக்கவே கூடாது.

கையால் செய்வது: குப்பைக் கோட்டில் மேல் 2–3 செ.மீ. மட்டும் துடைப்பத்தாலும் தட்டையான முறத்தாலும் கூட்டி, 2 மி.மீ. சல்லடையில் அரிக்கவும். பாசியோடு பின்னிக் கிடந்தால் 200 லிட்டர் இரும்பு டிரம்மில் பாதி கடல்நீர் நிரப்பி, அதில் கொட்டிக் கிளறி, மிதப்பதை வலைக்கரண்டியால் எடுக்கவும். மணல் திரும்பக் கரைக்கே. காற்று கடலிலிருந்து அடிக்கும் நாளில் அரிக்க வேண்டாம், குருணை பறந்து மேட்டுச் செடிக்குள் போனால் எடுக்கவே முடியாது. சேர்ந்ததை எரிக்காதீர்கள், இரட்டைப் பையில் கட்டி எடை எழுதி மாவட்ட நிர்வாகத்திடம் கொடுங்கள்.

மேல்மணலில் குருணை தெரியாவிட்டால் கரை சுத்தம் என்று அர்த்தமில்லை. பிரேசிலின் சாந்தோஸ் கரையில் தோண்டிப் பார்த்தபோது 2 மீட்டர் ஆழம் வரை குருணை இருந்தது, மேல்பரப்பில் கிடந்தது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குமரியின் மேற்குக் கரையைத் தென்மேற்குப் பருவம் அரிக்கும், பிறகு மணல் திரும்பிச் சேரும். ஜூலையில் புதைந்தது அடுத்த ஜூலையில் வெளியே வரும். அதைப் "புதுக் கசிவு" என்று யாராவது பதிவிடுவார்கள், பாருங்கள்.

எண்ணும் 100 மீட்டரைத் துப்புரவுக்கு முன்பே கம்பு நட்டு ஒதுக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் துப்புரவு நடந்த தேதியும் அள்ளிய எடையும் உங்கள் அட்டவணையில் இருக்க வேண்டும்.

#19 அலைபாயும்

#10-க்கு: ஏத்துக்கிறேன். அப்போ ஆபத்துன்னு எதைச் சொல்லலாம்?

#20 குப்பைக்கணக்கு

உறுதியாகச் சொல்லக்கூடியதே போதிய அளவு இருக்கிறது. குருணை மீன் முட்டை அளவில், நிறத்தில் மிதக்கிறது, பறவையும் மீனும் விழுங்குகின்றன, வயிற்றில் இடத்தை அடைக்கிறது. நஞ்சை உறிஞ்சி வைத்திருக்கிறது. மேலே பாசியும் நுண்ணுயிரும் படிந்ததும் கனம் கூடி மூழ்குகிறது, ஆகவே மேற்பரப்பில் 333 மைக்ரான் வலை இழுத்துப் பார்த்து "குறைந்துவிட்டது" என்று சொல்ல முடியாது. எடுக்க வழியில்லை, குறையும் வேகம் மிக மெது. இதற்கு மேல் மனித உடலுக்கு இவ்வளவு கெடுதல் என்று கிராம் கணக்கு போட வேண்டாம்.

கோபத்தைக் காட்ட வேண்டிய இடம் வேறு. கப்பலில் குருணை இன்றும் ஆபத்துச் சரக்குப் பட்டியலில் இல்லை. நல்ல பொதி, ஆவணத்தில் தெளிவான குறிப்பு, முடிந்தவரை தளத்துக்குக் கீழே அடுக்குதல் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024-இல் சுற்றறிக்கை விட்டது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. பேர்ள் வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது 2025 ஜூலையில், விபத்து நடந்து நாலு வருடம் கழித்து. அத்தகைய வழக்கில் "கசிவுக்கு முன் இந்தக் கரையில் என்ன இருந்தது" என்ற கேள்வி வரும். மாதாமாதம் எண்ணி வைத்தவர்களிடம் மட்டும்தான் பதில் இருக்கும்.

#21 குமரி_சூழல்மன்றம்

எல்லாருக்கும் நன்றி. திருத்திய திட்டம்: மூன்று கரை, ஒவ்வொன்றிலும் 100 மீட்டர், ஐந்து சட்டம், 5 செ.மீ. ஆழம், 1.18–4.75 மி.மீ., கரையிலேயே அரிப்பு. சல்லடையில் தங்கியதை வடித்த கல்லுப்புக் கரைசலில் மூன்று முறை மிதக்கவிடுவோம். எண்ணிக்கை, எடை, ஐந்து நிறம். சதுர மீட்டர் கணக்கு. சிவப்புத் துண்டுச் சோதனை அடுத்த வாரம். புட்டிக்குப் பழைய ஜாம் பாட்டில் பயன்படுத்தலாமா?

#22 கண்ணாடிக்குடுவை

பயன்படுத்தலாம். மூடியின் உள்ளே பிளாஸ்டிக் வளையம் இருக்கும், அதற்கும் வாய்க்கும் நடுவே அலுமினியத் தாள் வைத்து மூடுங்கள். லேபிளைப் பென்சிலில் எழுதி வெளியே ஒட்டுங்கள், மார்க்கர் மை உப்பு ஈரத்தில் போய்விடும். கரை, தேதி, சட்டத்தின் மீட்டர் குறி, எடுத்தவர் பெயரின் முதலெழுத்து. கடைசியைப் பலர் எழுதுவதில்லை. மூன்றாம் மாதம் ஒருவரின் எண்ணிக்கை மட்டும் இரண்டு மடங்கு வரும்போது அதைத்தான் தேடுவீர்கள்.

#23 உப்பளத்தான்

முடிந்ததும் சிவில் துறைச் சல்லடையை நன்னீரில் கழுவித் துடைத்துக் கொடுங்கள். எஃகு என்று பெயர்தான், உப்போடு வைத்தால் ஒரு வாரத்தில் சட்டம் துருப்பிடிக்கும், அடுத்த மாதம் தரமாட்டார்கள்.